விரல் போனதற்கு ஸ்தோத்திரம்

எங்கள் சபையில் நன்றி சொல்வதில் ஒரு போட்டியே நடக்கும். பரிசு என்று எதுவும் கிடையாது. ஆனால் யாருடைய சாட்சிக்கு அதிகம் பேர் கண் கலங்கினார்கள் என்பது மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும்.

மண்ணூர்ப் பக்கம் தகரக் கூரை போட்ட சின்ன சபை அது. வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்கிறவர்கள். நைட் ஷிஃப்ட் முடித்து நேராக வந்து, பாட்டுக்குக் கை தட்டி, பிரசங்கத்துக்குத் தூங்கி, சாட்சி நேரத்துக்குச் சரியாக முழித்துக்கொள்வார்கள். நானும் அப்படித்தான்.

ஆண்டவர் தனக்குச் செய்ததை எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று சொல்வதுதான் சாட்சி. அதற்கு எழுதி வைக்காத ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் 'நான் ஒன்றுக்கும் உதவாதவள்' என்று தன்னைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும். அப்புறம் ஆபத்து வர வேண்டும். அந்த ஆபத்துக்குக் காரணம் நம் புத்திகெட்டத்தனமாக இருக்க வேண்டும். கடைசியில் ஆண்டவர் வந்து காப்பாற்ற வேண்டும். இந்த நாலும் வரிசை தப்பாமல் வந்தால் 'ஆமென்' கூரையைத் தூக்கும். ஒன்று குறைந்தாலும் 'ஸ்தோத்திரம்' என்று முனகிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். ஒரு தடவை ஒரு அக்கா, தான் சோம்பேறித்தனத்தால் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டதற்கு நன்றி சொன்னார். அந்த பஸ் வழியில் பஞ்சராகி அரை மணி நேரம் வெயிலில் நின்றுவிட்டதாம், ஆண்டவர் அவரை மட்டும் காப்பாற்றிவிட்டாராம். அந்த பஸ்ஸில் போய் வெயிலில் காய்ந்த நாலு பேர் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். நாங்களும் ஆமென் சொன்னோம்.

போன வருஷம் ஒரு மாதத்தைப் பாஸ்டர் 'ஸ்தோத்திர மாதம்' என்று அறிவித்தார். தினமும் காலையில் சபை வாட்ஸ்அப் குரூப்பில் ஆளுக்கு ஒரு நன்றி போட வேண்டும். குறை சொல்லவே கூடாது. முறுமுறுப்பு பாவம். அன்றிலிருந்து எங்கள் குரூப்பில் நன்றி மழை. மின்சாரம் போனதற்கு நன்றி, வந்ததற்கு நன்றி, வீட்டுக்காரர் வாடகையைக் கொஞ்சமாக மட்டும் ஏற்றியதற்கு நன்றி. என் கணவர் ஒரு நாள், "காலையில் டீ சூடாகக் கிடைத்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்று போட்டார். அவர் கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் வேன் ஓட்டுகிறவர். விடியுமுன் அவருக்காக எழுந்து அந்த டீயைப் போட்டவள் நான்.

"டீ போட்டவ இங்க நின்னுகினு கீறேன். நீ இன்னாடான்னா மேல பாத்து தேங்க்ஸ் சொல்ற?" என்று கேட்டேன்.

"உன்னக் குடுத்ததே அவர்தானம்மா" என்றார்.

இந்த மாதிரிப் பதிலுக்கு எதிர்ப்பதில் கிடையாது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

எங்கள் லைன் சூப்பர்வைசரும் அதே சபைதான். கம்பெனிக்குள் 'சார்', சபைக்குள் 'பிரதர்'. திங்கள் முதல் சனி வரை "டார்கெட் எங்கம்மா?" என்று கத்துகிற வாய், ஞாயிறன்று வாசலில் நின்று "சமாதானம் சிஸ்டர்" என்று குழையும். நான் ஒரு நாள் மறதியாக லைனில் 'பிரதர்' என்று கூப்பிட்டேன். காதே கேட்காதவர் மாதிரிப் போய்விட்டார். சபையில் 'சார்' என்று கூப்பிட்டபோது டக்கென்று திரும்பினார். ஆனாலும் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து ஜெபித்துவிட்டுப் போவார். சபையில் அவருக்கு ஒரு ஊழியமும் இருந்தது. முன் வரிசையில் நின்று ஒவ்வொரு சாட்சியையும் தன் போனில் படம் பிடித்து, அன்றைக்கே குரூப்பில் போட்டுவிடுவார்.

நான் வேலை செய்தது பிரஸ் மிஷினில். கார் சீட்டுக்கு அடியில் வரும் ஒரு இரும்புத் துண்டைத் தகட்டிலிருந்து அடித்து எடுக்க வேண்டும். தகட்டைக் கையால் வைத்து, காலால் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடாமல் தடுக்கப் பக்கத்தில் ஒரு சென்சார் உண்டு. அதில் எண்ணெயும் தூசியும் படிந்தால், கை இல்லாதபோதும் இருப்பதாக நினைத்து மிஷினை நிறுத்திவிடும். மிஷின் நின்றால் டார்கெட் போச்சு. அதனால் பின்னால் ஒரு ஒயரைக் கொடுத்து அந்தச் சென்சாரின் கண்ணைக் கட்டி வைத்திருந்தார்கள். நான் அந்த மிஷினுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான்.

ஷிஃப்ட் ஆரம்பிக்கும்போது ஒரு தாளில் டிக் போட வேண்டும். எண்ணெய் ஓகே, பெடல் ஓகே, சென்சார் ஓகே. முதல் வாரமே கேட்டேன்.

"சென்சார்தான் வேல செய்யலியே சார், எப்பிடி ஓகேன்னு போடறது?"

"போடுமா. கெடச்ச வேலைக்கு நன்றி சொல்லக் கத்துக்கோ. வெளிய எத்தினி பேரு வேல இல்லாம சுத்திகினு கீறாங்க" என்றார் சூப்பர்வைசர்.

போட்டேன். அன்றிலிருந்து தினமும் போட்டேன். பழகிய பிறகு அந்த வரியைப் படிப்பதே இல்லை.

ஸ்தோத்திர மாதத்தின் மூன்றாவது வாரம் அது நடந்தது. தகடு கொஞ்சம் கோணலாக உட்கார்ந்தது. நகர்த்த விரலை நீட்டினேன். கால் பழக்கத்தில் மிதித்துவிட்டது. இடது கை நடுவிரல், நகத்தோடு சேர்ந்து மேல் கணு போய்விட்டது. "அந்த நேரத்துல இயேசுவேன்னு கூப்பிட்டீங்களா சிஸ்டர்?" என்று பிற்பாடு சபையில் பலர் ஆசையோடு கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினேன். உண்மையில் நான் கத்தியது அச்சில் ஏற்ற முடியாத வார்த்தை.

ஆஸ்பத்திரிக்கு சூப்பர்வைசர் வந்தார். கட்டிலருகே முழங்கால் போட்டு அழுது ஜெபித்தார். அந்த அழுகை நிஜம். எனக்கே பாவமாக இருந்தது. கம்பெனி ஆபீசர் ஒருவரும் வந்து, "ரிப்போர்ட்ல காரணம்னு ஒரு இடம் இருக்கும்மா. உடம்பு தேறினதும் வந்து சொல்லுங்க, எழுதிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒயரைப் பற்றி எழுதச் சொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். கணவரிடமும் சொன்னேன். "எழுதச் சொல்லு" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அந்த ஞாயிறு கையில் பெரிய கட்டோடு சபைக்குப் போனேன். சாட்சி நேரம் வந்ததும் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. கல்யாணத்தன்றுகூட என்னை இத்தனை பேர் பார்த்ததில்லை. எழுந்தேன். நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்றேன். ஆபத்தைச் சொன்னேன். பிறகு காரணம் சொல்ல வேண்டிய இடம் வந்தது. ஒயர் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஒயரைச் சொன்னால் அதைப் போடச் சொன்னவரையும் சொல்ல வேண்டும். அவரோ எதிரே ஈரக் கண்ணோடு போனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஸ்தோத்திர மாதத்தில் முறுமுறுப்பதா?

என் வாய் தனக்குப் பழக்கமான வழியில் போனது. "எல்லாம் என் கவனக்கொறவு. என் புத்தி எங்கயோ மேஞ்சிகினு இருந்துச்சு. சாத்தான் என் கைய மொத்தமா எடுக்கப் பாத்தான். ஆண்டவர் ஒரு வெரலோட நிறுத்தினாரு. போன வெரலுக்கும் ஸ்தோத்திரம்!"

கூரை எகிறியது. பாஸ்டரம்மா ஓடி வந்து கட்டிக்கொண்டார். பஸ் பஞ்சர் அக்கா மூக்கைச் சிந்தினார். இத்தனை வருஷத்தில் எனக்குக் கிடைத்த முதல் பெரிய ஆமென் அது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், விரல் வலி மறந்து வீடு வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாளே கம்பெனியில் கூப்பிட்டார்கள். ஆபீசர் மேஜையில் ரிப்போர்ட் தயாராக இருந்தது. காரணம் என்ற இடத்தில் 'தொழிலாளியின் கவனக்குறைவு' என்று அழகாக டைப் செய்திருந்தார்கள்.

"சார், சென்சார் பின்னாடி ஒரு ஒயரு கீது..."

அவர் தன் போனை என் பக்கம் திருப்பினார். அதில் நான். கட்டுப் போட்ட கையை ஆட்டி, என் கவனக்குறைவு என்று முழங்கிக்கொண்டிருந்தேன்.

"உங்க வாயாலயே சொல்லியிருக்கீங்களேம்மா. கோவில்ல நின்னு பொய் சொல்ல மாட்டீங்கல்ல?"

அந்த வீடியோ அவர் கைக்கு எப்படிப் போனது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. எடுத்தவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். "பிரதர்" என்று கூப்பிட்டேன். ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "கை வலிக்குது சார், அப்பறம் வரேன்" என்று எழுந்துவிட்டேன். வலித்தது இடது கை, நான் கையெழுத்துப் போடுவது வலது கையால். அவர்கள் கவனிக்கவில்லை. கவனக்குறைவு யாருக்குத்தான் இல்லை?

இரண்டு நாள் கழித்து எங்கள் லைனில் வேலை செய்யும் ஒரு பெண் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தாள். திசையன்விளைப் பக்கத்துப் பெண். வல்லக்கோட்டை போகிற வழியில் ஒரு ஹாஸ்டலில், ஒரே அறையில் எட்டுப் பேராகத் தங்கியிருந்தாள். எங்கள் சபைக்குத்தான் வருவாள்.

"அக்கா, ஒங்க சாட்சிய நாலு தடவ போட்டுப் பாத்தேன். அழுதுட்டேன் பாத்துக்கிடுங்க" என்றாள்.

"சரி சரி. இப்போ உன்ன எந்த மிஷின்ல போட்டுகீறாங்க?"

"ஒங்க மிஷின்லதாங்க்கா."

"ஒயர எடுத்துட்டாங்களா?"

"எந்த ஒயருக்கா? மிஷின்ல ஒரு கொறையும் கெடையாதுன்னு சார் சொன்னாவ. அக்காவே கவனமில்லாம இருந்துட்டேன்னு சாட்சி சொல்லியிருக்காவ, நீ ஜெபம் பண்ணிட்டு நில்லுன்னாவ. தெனமும் ஜெபம் பண்ணிட்டுத்தான் நிக்கேன்."

கடித்த வாழைப்பழத்தைக் கீழே வைத்தேன். என் விரலை எடுத்தது ஒயர். இவளை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் வாய்.

ஒயர் விஷயத்தைச் சொல்லி, "நாளைலேந்து அந்த மிஷினாண்ட போகாத" என்றேன்.

"போகலன்னா வேற ஆளப் போட்டுருவாவக்கா. நான் இப்பத்தான் சேந்துருக்கேன்" என்றாள். கை உள்ளே இருக்கும்போது பெடலில் கால் வைக்காதே என்று சொல்லி அனுப்பினேன். அதே புத்திமதி எனக்கும் ஒரு காலத்தில் சொல்லப்பட்டதுதான்.

மறுநாள் பாஸ்டரைப் பார்க்கப் போனேன். பொறுமையாகக் கேட்டார்.

"நன்றியுள்ள இருதயத்த விட்டுடாதீங்க சிஸ்டர். கசப்பு வேண்டாம். கம்பெனி விஷயத்தக் கம்பெனிலயே பேசிக்கலாம்."

"கம்பெனில சபை வீடியோவக் காட்றாங்களே பாஸ்டர்?"

அவர் கண்ணை மூடி, "ஜெபிப்போம்" என்றார். பதில் தெரியாத கேள்விக்கு இது நல்ல வழி. ஜெபத்தின் நடுவில் யாரும் குறுக்குக் கேள்வி கேட்க முடியாது. சமாதானத்துக்காக நீளமாக ஜெபித்தார். ஒயரைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

வீட்டில் கணவர், "கம்முனு இரும்மா. என் வேன் டிரிப்பும் அந்தக் கம்பெனிதுதான். ரெண்டு பேரும் வூட்ல குந்திகினா இன்னா பண்றது?" என்றார்.

"அந்தப் பொண்ணு கை போனா?"

"ஆண்டவர் பாத்துப்பாரு."

"அவரு பாத்துகினுதான் கீறாரு! ஒயரக் கழட்டவும் அவரே மேலேந்து எறங்கி வரணுமா? கழட்டற கை நம்மளுக்கு எதுக்குக் குடுத்தாரு?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். மறுநாள் காலை குரூப்பில் அவருடைய நன்றி வரவில்லை. சனிக்கிழமை சாயங்காலம், "நாளைக்கு இன்னா பேசப் போற?" என்று மட்டும் கேட்டார். "நடந்தத" என்றேன். "சரி" என்றார். அந்த ஒரு 'சரி'யைச் சொல்ல அவர் எவ்வளவு பயந்திருப்பார் என்று எனக்குத் தெரியும்.

ஞாயிறு சாட்சி நேரத்தில் நான் எழுந்ததும் சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. சூப்பர்வைசர் வழக்கம்போல் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"போன வாரம் இந்த எடத்துல நின்னு நான் பொய் சொன்னேன்" என்று ஆரம்பித்தேன்.

பாஸ்டர் பைபிளிலிருந்து தலையைத் தூக்கினார்.

"என் மேல தப்பு இல்லன்னு சொல்ல வரல. சென்சார் வேல செய்யலன்னு தெரிஞ்சும் தெனம் காலைல ஓகேன்னு டிக் போட்டேன் பாருங்க, அது என் தப்பு. அதுக்கு ஆண்டவராண்ட மன்னிப்பு கேட்டுட்டேன். சென்சாருக்குப் பின்னாடி ஒயரு போட்டு வெச்சிகீறாங்க. அது எனக்கும் தெரியும், அதோ போனப் புடிச்சிகினு நிக்கற பிரதருக்கும் தெரியும். இப்போ அந்த மிஷின்ல நம்ம சபைப் பொண்ணு நிக்கிது. சாத்தான் என் வெரல எடுக்கல. ஆண்டவரும் எடுக்கல. அவங்க ரெண்டு பேரும் அந்த லைன்ல வேல செய்யல. நாமதான் செய்யறோம்."

பழக்க தோஷத்தில் கடைசியில் 'ஸ்தோத்திரம்' என்று சொல்லிவிட்டேன். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. சூப்பர்வைசர் போனை இறக்கினால் எல்லோரும் பார்ப்பார்கள், இறக்காவிட்டால் எல்லாம் பதிவாகும். தூக்கிய கையோடு நின்றுகொண்டிருந்தார். பாஸ்டரம்மா அவசரமாக ஒரு பாட்டை எடுத்தார். சுருதி எங்கோ போய்விட்டது.

அந்த வாரம் என் வீடியோ குரூப்பில் வரவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலை அந்த திசையன்விளைப் பெண் டிக் போடும் தாளில் எண்ணெய்க்குப் போட்டாள், பெடலுக்குப் போட்டாள், சென்சார் இடத்தைக் காலியாக விட்டுவிட்டாள். அவளைப் பார்த்து எங்கள் சபைப் பெண்கள் இன்னும் மூன்று பேர் தங்கள் மிஷின்களுக்குப் பின்னாலும் அதே ஒயரைப் பார்த்துவிட்டு, தங்கள் தாளிலும் காலியாக விட்டார்கள். அதில் பஸ் பஞ்சர் அக்காவும் ஒருவர். காலி இடம் இருந்தால் மிஷினை ஓட்டக் கூடாது என்பது கம்பெனி விதி. அந்த விதி எங்களுக்கே அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது. நாலு மிஷின் நின்றன. மத்தியானத்துக்குள் மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்து ஒயர்களைப் பிடுங்கி, சென்சார்களைத் துடைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனார்களாம்.

செவ்வாய்க்கிழமை எனக்குப் போன் வந்தது. என்னை வேலைக்கு எடுத்த கான்ட்ராக்டர்தான். "நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா, நாங்களே கூப்புடறோம்" என்றார். இன்னும் கூப்பிடவில்லை. ரிப்போர்ட்டில் இன்றுவரை நான் கையெழுத்துப் போடவில்லை. கணவரின் வேன் டிரிப்பை நிறுத்தவில்லை, ஆனால் ஊரைச் சுற்றுகிற ரூட்டாகப் பார்த்து மாற்றிவிட்டார்கள். நான் ஒரு ஹாஸ்டல் சமையற்கட்டில் சப்பாத்தி தேய்க்கிறேன். பெருமைக்குச் சொல்லவில்லை. கம்பெனி வேலை போனதில் நான் நிறைய அழுதேன்.

அடுத்த ஞாயிறு சாட்சி சொல்ல முதலில் எழுந்தவர் சூப்பர்வைசர். போனைப் பக்கத்து ஆளிடம் கொடுத்து, படம் பிடிக்கச் சொல்லிவிட்டு முன்னால் வந்தார்.

"நான் ஒண்ணுக்கும் உதவாதவன்" என்று ஆரம்பித்தார். "எங்க லைன்ல ஒரு பெரிய ஆபத்து மறஞ்சிருந்துச்சு. புத்தி கெட்ட என் கண்ணுக்கு அது தெரியல. திங்கக்கெழம காலைல ஆண்டவர் என் இருதயத்துல பேசினாரு. 'மகனே, அந்தச் சென்சாரப் பாரு'ன்னாரு. கீழ்ப்படிஞ்சேன். இன்னிக்கி எல்லா மிஷினும் பத்தரமா ஓடுது. மகிமை எல்லாம் அவருக்கே!"

நாலும் வரிசை தப்பவில்லை. கூரை பறந்தது. பாஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. ஆண்டவர் அவரிடம் பேசினாராமே! அப்போது அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின நாள் இங்கே தொண்டை கிழியக் கத்தினது யாராம்? டிக் போடாமல் நின்ற நாலு பெண்கள் யாராம்? கணவர் என் புடவையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுப் பாதி எழுந்தேன். வார்த்தைகள் நாக்கு நுனியில் தயாராக இருந்தன, ஒன்றும் ஸ்தோத்திர ரகம் இல்லை.

அப்போது எனக்கு முன்னால் அந்த திசையன்விளைப் பெண் எழுந்து நின்றாள். அந்த ஆமென் சத்தத்தில் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று அழுதுகொண்டிருந்தாள். அந்தக் கைகள் என் முகத்துக்கு நேரே விரிந்திருந்தன. என்னையறியாமல் எண்ணினேன். பத்து. மறுபடியும் எண்ணினேன். பத்தேதான்.

உட்கார்ந்துவிட்டேன். பெருமையை யார் பேரில் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளட்டும் என்று தோன்றியது. சூப்பர்வைசரே திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாக ஆமென் சொன்னேன். அந்த வருஷம் முழுவதிலும் நான் மனசார நன்றி சொன்னது அந்த ஒரு தடவைதான்.